புலுனியைத் தேடிப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்

வணக்கம் உறவுகளே. இரணைமடுக் குளக்கட்டில் நிற்கிறேன். காற்று இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பறவை பார்க்க எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா?

முதலில் நான் ஏமாந்த கதை. வழவழப்பான தாளில், பக்கத்துக்குப் பக்கம் நிழற்படம் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை ஆசையாக வாங்கினேன். வயல் வரம்பில் மண்ணிறக் கொக்கு ஒன்று குந்தியிருந்தது. கிட்டப் போனேன், எழும்பியது. பார்த்தால் வெள்ளைக் கொக்கு! குறிப்பேட்டில் இரண்டு பறவை என்று எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே குருட்டுக் கொக்குத்தான். சிறகை மடித்தால் மண்ணிறம், விரித்தால் வெள்ளை. என் புத்தகத்திலோ அது குந்தியிருக்கும் படம் மட்டும்தான். அன்றிலிருந்து நான் ஓவியப் புத்தகத்தின் பக்கம். நிற்பது, பறப்பது, ஆண், பெண், இளசு எல்லாவற்றையும் ஓவியர் ஒரே பக்கத்தில் காட்டிவிடுவார்.

அதோ, சேற்றில் ஓடித் திரிகின்றனவே, அந்தப் பறவைகள் வலசை வந்தவை. இனப்பெருக்க கால நிறம் மங்கிய கோலத்தில்தான் இங்கே பெரும்பாலும் காண்போம். அந்தக் கோலத்தை வரையாத புத்தகம் நமக்கு எதற்கு?

தென்னிந்தியப் புத்தகம் போதாதா என்றால், பாதிக்குமேல் போதும். ஆனால் நம் காட்டுக்கோழி அதில் இராது. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் உள்ள அந்தச் சேவல் இலங்கைக்கே உரியது. எந்தப் பறவை எங்கே வாழும் என்று காட்டும் பரம்பல் வரைபடமும் கட்டாயம் வேண்டும். தென்மேற்கே உள்ள சிங்கராஜ மழைக்காட்டுப் பறவையை வடக்கே முறிகண்டியில் கண்டதாகச் சொல்லி அவமானப்படாமல் அது காப்பாற்றும்.

ஜி. எம். ஹென்றி 1955 இல் எழுதிய இலங்கைப் பறவை நூல் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். பறவையின் குணத்தை வாசிக்க அருமையானது. ஆனால் அது வீட்டுக்கு; குளக்கட்டுக்கு வேண்டாம்.

கடையில் செய்ய ஒரு சோதனை இருக்கிறது. முற்றத்தில் தினமும் கூட்டமாகக் கத்தும் புலுனியை மனதில் வைத்து, பெயரை மறந்து, உருவத்தை மட்டும் கொண்டு தேடுங்கள். இரண்டு நிமிடத்தில் அகப்படாவிட்டால், புத்தகத்தைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். பெயரைக் கொண்டு தேடினால் தமிழ்ப் புத்தகமும் கைவிடலாம். என் கையில் இருப்பதில் அது தவிட்டுக்குருவி. பக்கத்தில் புலுனி என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.