கும்மாயத்தில் கரைந்த உளுந்து

(காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வளவு நிறைய அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, முன்வரிசையில் முந்திக்கொண்டு இடம் பிடித்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த வாசகசாலையின் புத்தகப் பொறுப்பை நான் ஏற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கியதும், நாம் ஆயா என்று அழைக்கும் பாட்டிமார்கள் அவர்களைக் கையில் பிடித்து அழைத்து வந்து, “படிச்சாச் சிரிப்பு வரணும், நாலு நல்லதும் தெரியணும், அப்படி ஒரு பொஸ்தகமா எடுத்துக் கொடுங்க ஆச்சி” என்று கேட்பார்கள். கேட்பதற்கு எளிய வேண்டுகோள்தான்; ஆனால் அலமாரி முன்னே நின்று தேடத் தொடங்கினால்தான் அதன் அருமை தெரியும். சிரிக்க வைக்கும் நூல்கள் இருக்கின்றன, நல்லது சொல்லும் நூல்களும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றாகக் கலந்த நூல் கைக்கு அகப்படுவது கடினம்.

நம் வீடுகளில் கும்மாயம் கிளறுவதை எண்ணிப் பாருங்கள். உளுந்தையும் பாசிப்பருப்பையும் பச்சரிசியையும் வாசம் வர வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கரைத்து, நெய் விட்டுச் சுருளக் கிளறி இறக்குகிறோம். பிள்ளை அதை இனிப்புக்காகவே தின்கிறது. உளுந்தின் வலு தானே உடம்பில் சேர்கிறது. அதே உளுந்தைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து, “தின்னு, இடுப்புக்கு வலு” என்று நீட்டினால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? நீதிக் கதைகள் என்று அட்டையில் அச்சிட்டு வரும் நூல்களில் பல, அந்தத் தனிக் கிண்ணத்து உளுந்தாகவே இருக்கின்றன. நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒரு பள்ளி விழாவில் பரிசு பெற்ற சிறுமி ஒருத்தி, மறுநாளே அந்தப் பரிசுப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து, “டீச்சர், இதுல எல்லாப் பக்கத்துலயும் திட்டுறாங்க” என்றாள். அவள் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஆகையால் ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் செய்து பார்க்கும் சோதனை இதுதான். கதையின் முடிவில் ‘இதனால் நாம் அறிவது’ என்று தொடங்கும் வரி இருக்குமானால், அதைக் கையால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் வாசித்துப் பார்ப்பேன். அந்த வரி இல்லாமலே சொல்ல வந்த செய்தி நெஞ்சில் தைக்குமானால் நூலை வாங்குவேன். அந்த வரி போனதும் கதை வெறும் கூடாக நிற்குமானால் விட்டுவிடுவேன்.

இந்தச் சோதனையில் தேறும் நூல்களுள் நம் மொழியில் பழையது வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, நமக்குச் சதுரகராதி தந்த அவர் எழுதிய இக்கதை, 1822-இல் லண்டனில் அச்சேறியது. குருவும் ஐந்து சீடர்களுமாக ஆறு பேர் ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். யாரையாவது ஆறு கொண்டுபோய்விட்டதோ என்ற அச்சத்தில் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்தே பேர் வருகிறார்கள். ஒருவர் போய்விட்டார் என்று அழுகிறார்கள். அவ்வழியே வந்த ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டிய பிறகே ஆறு பேர் என்ற கணக்கு நேராகிறது.

சென்ற ஆண்டு நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், ஆத்தங்குடிக் கல் பதித்த இதே தரையில் குப்புறப் படுத்து, விரலை வரியின் மேல் ஓட்டியபடி இக்கதையை வாசித்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. தலையைத் தூக்கிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, சன்னலோரம் இருந்த இரண்டு பையன்களையும், தூண் அருகே அமர்ந்திருந்த தன் ஆயாவையும், என்னையும் உதடு மட்டும் அசைய எண்ணினான். நான்கு. மீண்டும் பக்கத்தைப் பார்த்தான், பிறகு ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் அழுத்தி, “அஞ்சு!” என்று வாய்விட்டுச் சிரித்தான். வளவு முழுவதும் எதிரொலித்த சிரிப்பு அது. நான் அவனுக்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துக் குடிநீர்ப் பானை உடைந்து கிடந்தது. யார் யார் விளையாடினீர்கள் என்று கேட்டேன். “மூணு பேரு ஆச்சி” என்று அவன் பெயர்களை அடுக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்து, “என்னையும் சேத்து நாலு” என்றான்.

பற்று வரவை ஒரு காசு பிசகாமல் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை எடுத்துப் பழகிய மண் நம்முடையது. அப்படிப்பட்ட மண்ணிலும், ஊரார் குறையை எல்லாம் எழுதிவிட்டுத் தன் குறையை மட்டும் ஏட்டில் ஏற்றாமல் விடுவது மனித இயல்பாக இருக்கிறது. அதை ஒரு பையன் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டான். இதைவிட ஒரு நூல் செய்ய வேண்டியது என்ன இருக்கிறது? ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: அக்கதையில் சீடர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் எல்லாம் மட்டி, மடையன் என்ற வசைப் பெயர்கள். சிறு பிள்ளைகளுக்குத் தரும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, அந்தச் சொற்களைத் தோழர்கள் மேல் வீசக்கூடாது என்று பக்குவமாகச் சொல்லித் தருவது நல்லது.

அடுத்து நான் தயங்காமல் கையில் எடுத்துக் கொடுப்பது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கும் ‘டோட்டோ-சான்’. ஜப்பானில் 1981-இல் வெளிவந்த அந்நூல், அதை எழுதிய அம்மையாரின் சொந்தப் பள்ளி வாழ்க்கை. பழைய ரயில் பெட்டிகளே அப்பள்ளியின் வகுப்பறைகள். ஒரு நாள் டோட்டோ-சான் என்னும் அச்சிறுமியின் பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் நீண்ட கைப்பிடி கொண்ட அகப்பையால் குழியிலிருந்து அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அவ்வழியே வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பையைத் தேடுகிறேன் என்கிறாள். திட்டவில்லை, தடுக்கவில்லை, உதவிக்கும் குனியவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். பை கடைசிவரை கிடைக்கவில்லை; ஆனால் அவள் அள்ளியதை எல்லாம் திரும்பப் போட்டு முடிக்கிறாள். பிள்ளைகள் இந்த இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். உடன் வாசிக்கும் தாய்மார்கள் சிரித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பாடம் பெரியவர்களுக்கும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது.

ஒதுக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பருத்தவரை, கறுத்தவரை, திக்கிப் பேசுபவரை, வீட்டு வேலை செய்பவரைக் கேலி செய்து சிரிப்பு மூட்டும் கதை எத்தனை நீதியோடு முடிந்தாலும் எனக்கு வேண்டாம். பிள்ளையின் மனத்தில் அந்தக் கேலி தங்கிவிடும், நீதி உதிர்ந்துவிடும்.

இத்தகைய நூல்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். துணைவரை இழந்த ஆச்சி ஒருவர், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு என்னிடம் வந்து, அழவைக்காத புத்தகம் ஒன்று வேண்டும் என்றார். உ.வே.சாமிநாதையரின் ‘நினைவு மஞ்சரி’யைக் கொடுத்தேன். தாம் பழகிய புலவர்களையும் இசைவாணர்களையும் எளிய மனிதர்களையும் பற்றி ஐயரவர்கள் அன்போடும் மெல்லிய நகைச்சுவையோடும் எழுதிய கட்டுரைகள் அவை. மாலைக்கு ஒன்றாக வாசிக்கலாம். ஆச்சி இரண்டு பாகங்களையும் முடித்துவிட்டு வந்தபோது, ஒரு கட்டுரையை எனக்கே கதையாகச் சொல்லிக் காட்டினார்.

எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகவே அரசு நூலகத்துக்குப் போய், வேண்டிய நூலை உரிமையோடு கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய சிறுவர் நூல்களைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே வாசிக்கலாம். தேடுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், பெரும் நூல்களோடு நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும்கூட அற்பம் என்று தள்ளாமல் சேர்த்து வைத்தார்; அச்சேகரமே இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கிப் பணி பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடல் எழுதினார்; பிறரையும் எழுதவைக்க 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். நம் வீட்டுப் பெட்டகங்களிலும் பரண்களிலும் அக்காலத்துச் சிறுவர் இதழ்கள் இன்னும் கிடக்கக்கூடும். பழைய தாள் என்று எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை இங்கே கொண்டுவந்து காட்டுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

முகப்புத் திண்ணையில் பாய் விரித்துப் பன்னிரண்டு புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. பிள்ளைகள் எடுத்துப்போய் வாசித்து, எந்தப் பக்கத்தில் சிரிப்பு வந்ததோ அந்தப் பக்கத்தில் சிவப்பு நூலை வைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த மாதம் வாங்கும் புத்தகங்களை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறேன். வணக்கம்.