விரிசல் விழ வேண்டிய இடம்

[காட்சி: பூச்சு உதிர்ந்த பழைய காம்பவுண்டு சுவர். கேமரா ஒரு விரிசலைப் பின்தொடர்ந்து மெல்ல மேலே நகர்கிறது.]

பூச்சு உதிர்ந்த ஒரு பழைய சுவரின் அருகே போய், அதில் ஓடும் விரிசலை மட்டும் கவனியுங்கள். கீழே ஒரு மூலையில் தொடங்கி, செங்கல்லின் ஓரமாக மேலே ஏறுகிறது. அடுத்த செங்கல் குறுக்கே நிற்கிறது. விரிசல் பக்கவாட்டில் திரும்புகிறது. அந்தச் செங்கல்லின் முனை வந்ததும் மறுபடி மேலே. வழியில் ஒரு செங்கல்கூட உடையவில்லை, விட்டதெல்லாம் சாந்துதான்.

இப்படி விரிசல் விட்ட சுவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அடித்தளம் இறங்குவது நின்றுவிட்டால், பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்தால் போதும். விரிசல் செங்கற்களையே பிளந்துகொண்டு நேராக ஏறியிருந்தால் வேலை பெரிது.

ஒட்டுவது சாந்தின் ஒரு வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆபத்து வரும்போது செங்கல்லுக்கு முன்பாகத் தான் விட்டுக்கொடுப்பது அதன் இன்னொரு வேலை. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. முத்துச்சிப்பிக்கும் நம் தோலுக்கும் விஞ்ஞானிகள் செங்கல் சுவரை உவமையாக எடுத்தபோது அவர்களுக்குக் கைகொடுத்தது இந்தச் சாந்துதான்.

[காட்சி: மேசைமேல் ஒரு செங்கல், பக்கத்தில் அளவுகோல்.]

முதலில் செங்கல்லின் அளவைப் பார்ப்போம். இந்தியத் தர அளவுகளில் ஒன்று 190 மில்லிமீட்டர் நீளம், 90 அகலம், 90 உயரம். 200, 100 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே? மிச்சம் 10 மில்லிமீட்டர் சாந்துக்கு. இரண்டு செங்கற்களைக் குறுக்காக அடுத்தடுத்து வைத்து நடுவே சாந்து போட்டால் 90, 10, 90. கூட்டினால் 190, அதாவது ஒரு முழுச் செங்கல்லின் நீளம். இதனால்தான் ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்து, சுவரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிணைக்க முடிகிறது. மூட்டின்மேல் மூட்டு வராமலும் பார்த்துக்கொள்ள முடிகிறது. சிந்துவெளி நகரங்களின் செங்கற்களிலும் நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்கு; 4:2:1 என்பது அவர்களின் விகிதம். (நம் ஊர்ச் சூளையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் செங்கல் எந்த விகிதத்தில் நிற்கும் என்பது வேறு கதை.)

[காட்சி: இரு செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து, மேலிருந்து பாரம் ஏற ஏறப் பக்கவாட்டில் பிதுங்க முயலும் வரைபடம்.]

சரி, சாந்தைத் தாராளமாகப் போட்டால் சுவர் இன்னும் வலுவாகுமா? ஆகாது. மேலிருந்து பாரம் அழுத்தும்போது, மென்மையான சாந்து பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கிறது. மேலும் கீழும் இருக்கும் செங்கற்கள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த முயற்சியில் செங்கல் இழுபடுகிறது. செங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே மூட்டு தடிக்கத் தடிக்கச் சுவர் வலுவிழக்கிறது.

அப்படியானால் சாந்தைக் கெட்டியாக்கிவிடலாம் என்று தோன்றும். பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களைச் சீர்செய்யப் போனவர்கள் பல நாடுகளில் செய்த வேலை இதுதான். மூட்டுகளில் நல்ல கெட்டி சிமெண்டை அடைத்தார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சுவர் அசைந்தால் கொஞ்சம் இசைந்துகொடுக்கும். சிமெண்ட் இரண்டையும் அந்த அளவுக்குச் செய்யாது. வழி அடைபட்ட ஈரம் செங்கல் வழியாக வெளியேறியது. அது காயும்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமானது. சில ஆண்டுகளில் செங்கல்லின் முகம் தகடு தகடாக உதிர, சிமெண்ட் மூட்டு மட்டும் புத்தம்புதிதாகத் துருத்திக்கொண்டு நின்றது. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது இன்று பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பில் அடிப்படை விதி.

[காட்சி: காகிதங்கள் செங்கற்களாக மாறிக் குவிகின்றன.]

அறிவியலுக்குச் செங்கல் உவமை புதிதல்ல. 1963-ல் பெர்னார்டு ஃபோர்ஷர் என்பவர் ‘சயன்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆய்வாளர்கள் செங்கல் அறுப்பதிலேயே மும்முரமாகிவிட்டார்கள், களம் முழுக்கச் செங்கல் குவிந்து கிடக்கிறது, கட்டடத்தை மறந்துவிட்டார்கள் என்பது அதிலிருந்த கிண்டல். ரசிக்கலாம். ஆனால் உவமை என்ற அளவில் நிற்காமல், ஆய்வுக்கே உதவிய செங்கல் சுவர்கள்தான் எனக்குச் சுவாரசியமானவை.

[காட்சி: முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பு. படிப்படியாக நுண்ணோக்கிப் படம்.]

முத்துச்சிப்பியின் உட்புறத்தில் வானவில் நிறங்களோடு மின்னும் படலம் இருக்கிறதே, முத்தும் அதே பொருளால் ஆனதுதான். அதில் சுமார் 95 சதவீதம் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லின் உறவுக்காரர், தனியாக இருந்தால் எளிதில் நொறுங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், சுமார் அரை மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள தட்டைச் சில்லுகள் வரிசை வரிசையாக, மூட்டு மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே புரதமும், கைட்டின் என்ற நார்ப்பொருளும் கலந்த மெல்லிய சாந்து.

இந்தப் படலத்தை உடைக்கத் தேவைப்படும் ஆற்றல், வெறும் அரகோனைட்டை உடைக்கத் தேவையானதைப்போல ஏறக்குறைய 3,000 மடங்கு என்று சொல்லப்படுகிறது. விரிசல் உள்ளே நுழைந்ததும் சாந்தைக் கண்டு திரும்புகிறது, சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே வழுக்குகின்றன, ஒவ்வொரு திருப்பத்திலும் விரிசலின் வேகம் கரைகிறது. நாம் முதலில் பார்த்த சுவரில் நடந்ததும் இதுதான், அளவு மட்டுமே வேறு.

2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் இதைக் கையால் செய்து பார்த்தார்கள். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூளை நீரில் கலக்கி, ஒரே திசையில் உறைய வைத்தார்கள். வளரும் பனித்தகடுகள் தூளை இடுக்குகளில் ஒதுக்கின. பனியை நீக்கி, அந்தச் சட்டகத்தை அழுத்திச் சுட்டு, இடைவெளிகளில் ஒரு பாலிமரைச் சாந்தாக நிரப்பினார்கள். உடைவதற்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றலில் அது தன் மூலப்பொருள்களை 300 மடங்குக்கும் மேலாக மிஞ்சியது. பீங்கான் வகையைச் சேர்ந்த ஒரு பொருளுக்கு இது சாதாரண விஷயமல்ல.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டு. மேலடுக்கு மட்டும் வண்ணத்தில்.]

இன்னொரு சுவர் நம் உடம்பின்மேலேயே இருக்கிறது. தோலின் வெளியடுக்கு பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்கள் அதன் செங்கற்கள். செரமைடு என்ற கொழுப்பு வகை, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது சாந்து. 1975-ல் மைக்கேல்ஸ் குழுவினர் மருந்து தோலைக் கடக்கும் வேகத்தைக் கணக்கிட இந்த மாதிரியைப் பயன்படுத்தினார்கள். பின்னர் பீட்டர் இலையாஸ் அதை விரித்துப் பரப்பினார்.

இங்கே சாந்தின் வேலை வேறு. உடம்பின் நீர் வெளியேறாமல் தடுப்பது முக்கியமாக அதுதான். தோல் வறண்டு அரிக்கும் எக்சிமா நோய் உள்ளவர்களின் தோலில் செரமைடு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. மருந்துக்கடையில் ‘செரமைடு உள்ளது’ என்று எழுதிய கிரீம்கள் சுவருக்குச் சாந்து பூசும் முயற்சிகளே. ஆனால் செங்கல்லையும் விட்டுவிட முடியாது: செல்களுக்குள் இருக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறைபாடு எக்சிமா வரும் வாய்ப்பை வலுவாகக் கூட்டுகிறது என்று 2006-ல் கண்டறியப்பட்டது.

உவமை நொண்டும் இடமும் உண்டு. இந்தச் சுவரில் புதிய வரிசை அடியில் சேர்கிறது, பழையது மேலே உதிர்கிறது. எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்ட ஒப்புக்கொள்ள மாட்டார்.

[காட்சி: கையில் ஒட்டிய மருந்துப் பட்டை. மூலக்கூறுகள் செல்களைச் சுற்றி வளைந்து வளைந்து உள்ளே போகின்றன.]

இருந்தாலும் மருந்து செய்பவர்களுக்கு இந்த மாதிரி இன்றும் பயன்படுகிறது. தோல் வழியே போகும் பெரும்பாலான மருந்துகள் செல்களைத் துளைப்பதில்லை. சாந்து வழியே சுற்றிச் சுற்றிப் போகின்றன. அந்தப் பாதை அடுக்கின் தடிமனைவிடப் பல மடங்கு நீளம். மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனை (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) தாண்டினால் நுழைவது மிகக் கடினம். நிகோடின் 162 டால்டன். புகைப்பழக்கத்தை விட நினைப்பவர் கையில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வேலை செய்கிறது. இன்சுலின் சுமார் 5,800 டால்டன். அதற்குப் பெரும்பாலும் இன்னும் ஊசிதான்.