நர்ஸம்மாவின் நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதைக் கைக்குழந்தை உள்ள வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசியைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். நான் மானிடவியல்காரன். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியர்கள் பின்னாலேயே நடப்பது என் ஆராய்ச்சி. அதனால் ஊர்ப் பிள்ளைகளின் பேரையும் ஊசிக் கணக்கையும் அவர்கள் எழுதிவைக்கும் நோட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு குழந்தைக்கு ஊசி விட்டுப்போனால், பெற்றவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிறந்து 6, 10, 14 வாரத்தில் ஊசி. நாம் ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம் என்போம். மூன்றாம் மாதமே தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டால், மூன்றாவது ஊசி யார் கணக்கு? அம்மாச்சி ஊர் நோட்டில் பிள்ளை போய்விட்டது. அப்பத்தா ஊர் நோட்டில் இன்னும் பேரே ஏறவில்லை. இரண்டு வீட்டிலும் ஊசி வேண்டாம் என்றவர் யாரும் இல்லை, கவனியுங்கள்.

கம்ப்யூட்டரில் கர்ப்பப் பதிவு எண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பிள்ளை எந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறது என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நர்ஸம்மா வளைகாப்புப் பந்தியிலேயே கேட்டுவிடுவார்: "எந்த மாசம் கொண்டுவிடப் போறீங்க?" மாப்பிள்ளை ஊர், அங்கே இருக்கும் செவிலியரின் போன் நம்பர், எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறும். ஊசி போட்ட மறுநாள் அந்த வீட்டுக்கு மறுபடி போவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். வாசலிலேயே பாட்டி பிடித்துக்கொண்டார்: "நல்லா வெளையாண்ட பிள்ளையப் படுக்கப் போட்டுட்டியே!" இவர் அசரவில்லை. "காய்ச்சல் வரும்னு நேத்தே சொன்னேன்ல ஆத்தா, மருந்து குடுத்தீங்களா?" என்று திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. அந்தக் காபிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டார்களே, வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியது. அப்போது இந்த ஊர்க்காரர்கள் அந்த நர்ஸம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ உன் மகளுக்குப் போட்டியா?" போட்டேன் என்றார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தவர் சொன்னதால் நம்பினார்கள். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நேரம் ஆச்சு என்று கை காட்டுகிறார்கள். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களைப் பற்றிப் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே செவிலியர் இடம் காலியானால் பக்கத்து ஊர்ச் செவிலியர் இரண்டையும் பார்ப்பார். முதலில் நின்றுபோவது அந்த மறுநாள் நடைதான். அப்புறம், புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது தடுப்பூசி அட்டையைப் பையில் வையுங்கள், அந்த ஊர் நர்ஸுக்கு முதல் வாரமே ஒரு போன் போடுங்கள். நன்றி, வணக்கம்.