திரைக்கு நிறம் தெரியாதாம்!

(பட்டிமன்றத் தலைப்பு: நியூயார்க்கின் நிதிச் சந்தையான வால் ஸ்ட்ரீட்டின் வர்த்தக மேசையில் எல்லா இனத்தவரும் இடம்பெறப் பெரிதும் துணை நிற்பது தனிமனிதத் திறமையா, திட்டமிட்ட முயற்சியா? ‘திட்டமிட்ட முயற்சியே’ என்ற அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன எதிரணி அண்ணனுக்கும், நியூ ஜெர்சித் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம்.

அண்ணன் என்ன சொன்னார்? “பங்கு வாங்கி விற்கும் டிரேடிங்கில் திரையில் தெரிவது விலை மட்டும்தான். வாங்குகிறவன் கறுப்பா வெள்ளையா என்று திரைக்குத் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கில் லாபம் இருந்தால் நீ கெட்டிக்காரன், நஷ்டம் இருந்தால் வீட்டுக்குப் போ. இதைவிட நியாயமான தொழில் உலகத்தில் உண்டா?” என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேசாமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட எனக்கு ஒரு சபலம்.

திரைக்கு நிறம் தெரியாது, சரி. அந்தத் திரைக்கு முன்னால் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறாரே ஒருத்தர், அவருக்குத் தெரியுமே ஐயா!

நியூயார்க் பங்குச் சந்தையின் பிள்ளையார் சுழி 1792-ல், 24 தரகர்கள் போட்ட ஓர் ஒப்பந்தம். அந்தச் சந்தையின் தளத்துக்கு முதல் கறுப்பின உறுப்பினராக ஜோசப் சியர்ல்ஸ் வந்தது 1970-ல். நடுவில் 178 வருஷம். அத்தனை வருஷமும் அமெரிக்காவில் கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு கறுப்பினத்தவர்கூடப் பிறக்கவில்லையா? அப்போதெல்லாம் உள்ளே போக, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. வெள்ளையினத்துப் பெண்மணி முரியல் சீபர்ட் 1967-ல் இருக்கை, அதாவது உறுப்பினர் உரிமை, வாங்கப் போனபோது ஒன்பது பேர் கைவிரித்தார்கள், பத்தாவது ஆள்தான் சம்மதித்தார். தொழிலில் பேர் வாங்கியவருக்கே இந்தக் கதி.

“அதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் பரீட்சை இருக்கிறதே” என்பார் அண்ணன். இருக்கிறது. சீரிஸ் 7 என்று பெயர், பங்குத் தரகராக உரிமம் பெற எழுதுவது. அதை நானோ நீங்களோ பணம் கட்டிப் போய் எழுதிவிட முடியுமா? முடியாது. தரகு நிறுவனம் ஒன்று நமக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதாவது, முதலில் ஒருவர் நம்மைப் பார்த்து ‘இவன் தேறுவான்’ என்று நினைக்க வேண்டும், அப்புறம்தான் வினாத்தாளே கைக்கு வரும். 2017-ல் லாரன் சிம்மன்ஸ் என்ற 22 வயதுப் பெண் நியூயார்க் பங்குச் சந்தைத் தளத்தில் டிரேடர் ஆனார். அந்தச் சந்தையின் வரலாற்றில் இரண்டாவது கறுப்பினப் பெண் பங்கு வர்த்தகர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 1792-லிருந்து எண்ணிக்கொண்டு வந்து 2017-ல் ‘இரண்டு’ என்கிறார்கள், ஐயா!

லாப நஷ்டக் கணக்கு பொய் சொல்லாது என்றாரே, இனி அங்கே வருகிறேன். 2005-ல் மெரில் லிஞ்ச் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் மீது நாஷ்வில் நகரத்துக் கறுப்பினத் தரகர் ஒருவர் வழக்குப் போட்டார், தன்னைப் போன்ற எல்லாக் கறுப்பினத் தரகர்களுக்காகவும். வழக்கு எதைப் பற்றி? ஒரு தரகர் வேலையை விட்டுப் போனால் அவருடைய வாடிக்கையாளர்களை மற்றவர்களுக்குப் பங்கு போடுவார்கள். முன்பு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவருக்கே முன்னுரிமை. தரகர்கள் தங்களுக்குள் குழுவும் அமைத்துக்கொள்ளலாம். யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் இஷ்டம். குழுவில் சேர்ந்தவருக்குப் பெரிய வாடிக்கையாளர் கிடைப்பார், வருமானம் ஏறும், வருமானம் ஏறியதால் அடுத்த பங்கீட்டிலும் பெரிய பங்கு. வெளியே நின்றவருக்கு எதுவுமே இல்லை. விதியில் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! 2012-ல் மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், வழக்குப் போட்டவர்களின் வாதத்தை விளக்கும்போது, இந்தக் குழுக்களைக் கல்லூரிகளில் இருக்கும் மாணவர் கழகங்களோடு ஒப்பிட்டார். தன்னைப் போல இருப்பவனைத்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்ற பொருளில். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்தவும் அனுமதித்தார். 2013-ல் 16 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

அண்ணன் தஞ்சாவூர்க்காரர், அவருக்குச் சட்டென்று புரியும். தலைமடை வயலில் மூட்டை அதிகம், கடைமடையில் குறைவு. மூட்டையை எண்ணிவிட்டு, “தலைமடைக்காரன்தான் நல்ல விவசாயி, அடுத்த முறைத் தண்ணியையும் அவனுக்கே திறந்துவிடு” என்று சொன்னால் கடைமடைக்காரன் சும்மா இருப்பானா? அந்தப் பங்கீட்டு விதி இதைத்தான் செய்தது, பெயர் மட்டும் ‘தகுதி’.

இன்னொரு அஸ்திரமும் விட்டார். அதே மெரில் லிஞ்சுக்கு ஸ்டான் ஓ’நீல் என்ற கறுப்பினத்தவர் தலைமை அதிகாரியாக இருந்தாரே, அடிமையாகப் பிறந்தவரின் பேரன் உச்சிக்கே போகவில்லையா என்று. உண்மை. ஆனால் வழக்குப் போட்ட 2005-ல் அந்த நாற்காலியில் இருந்தவரே அவர்தான்! உச்சியில் ஒருவர் உட்கார்ந்ததால் கீழே பங்கீட்டு விதி மாறிவிடவில்லை. 2007-ல் அவர் வெளியேறும்போது கொண்டு போன பங்குகளும் ஓய்வுக்காலப் பலன்களும் சுமார் 16 கோடி டாலர். ஆறு வருஷம் கழித்து நூற்றுக்கணக்கான தரகர்களுக்காக ஒப்புக்கொண்ட தொகையும் 16 கோடி. இப்படி ஒரு கணக்கைக் கற்பனை செய்து சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

திட்டமிட்ட முயற்சி என்றாலே “கோட்டா வருது, கோட்டா வருது” என்று பயமுறுத்துகிறார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டப்படி இனத்தை வைத்து வேலைக்கு ஆள் எடுப்பது இந்த நாட்டில் சட்டவிரோதம். நாங்களும் அதைக் கேட்கவில்லை. வாடிக்கையாளரைப் பங்கிடும் விதி என்ன, யாருக்கு எவ்வளவு பணம் வரை ரிஸ்க் எடுக்க அனுமதி, இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் தேடி எந்தெந்தக் கல்லூரிக்குப் போகிறீர்கள், இதையெல்லாம் எழுதி வையுங்கள், வருஷா வருஷம் எண்ணிப் பாருங்கள் என்கிறோம். எங்கள் பக்கம் பேசுவதாக வேஷம் போட்டவர்களும் உண்டு. இயக்குநர் குழுவில் பன்முகத்தன்மை இல்லாத கம்பெனியின் பங்கைச் சந்தைக்குக் கொண்டுவர மாட்டோம் என்று கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி 2020-ல் அறிவித்தது, 2025-ல் கைவிட்டது. அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

தர்மத்தை விடுங்கள், பணக்கணக்கே பேசுவோம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், தென்கிழக்கு ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் நிதிப் படிப்பு படித்தவர்களை வைத்துச் சின்னச் சின்னப் பங்குச் சந்தைகளை நடத்திப் பார்த்தார்கள். சிலவற்றில் எல்லோரும் ஒரே இனம், சிலவற்றில் கலந்தவர்கள். காத்திருக்கும் அறையில் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், பேச்சே கிடையாது. கலந்த சந்தைகளில் விலை உண்மை மதிப்போடு 58 சதவீதம் கூடுதலாகப் பொருந்தியது. ஒரே இனமாக இருந்த இடத்தில் அடுத்தவன் கொடுக்கும் விலையை யோசிக்காமல் நம்பினார்கள், விலை ஊதிப் பெருத்தது, வெடித்தபோது சரிவும் பெரிது. திரைக்கு நிறம் தெரியாதுதான் அண்ணே, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனசுக்குத் தெரிந்திருக்கிறதே!

கடைசியாக ஒன்று. “நாமெல்லாம் யார் சிபாரிசில் வந்தோம்? மூளையை மட்டும் நம்பி வந்தோம்” என்று அண்ணன் சொன்னபோது அரங்கமே அதிர்ந்தது. காலையில் நியூயார்க் போகும் பாத் ரயிலைப் பிடித்து வங்கிகளில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதவும் ரிஸ்க் கணக்குப் போடவும் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதிரத்தானே செய்யும். 1946-ல் வந்த சட்டம் இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற எண்ணிக்கை ஆண்டுக்கு 100. மொத்த இந்தியாவுக்கும் நூறே பேர்! சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், 1965-ல், சட்டத்தைத் திருத்தி அந்த நாடுவாரிக் கணக்கை ஒழித்தார்கள். படித்தவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் வழி விட்டார்கள். அந்த வழியில்தான் நம்மில் பலரின் பெரியப்பாவும் மாமாவும் வந்தார்கள், பின்னாலேயே நாமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். 1965-ல் மாறியது நம்முடைய மூளையா, அவர்களுடைய சட்டமா? அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். மணி அடித்துவிட்டார்கள், வணக்கம்.