ஒரே தேதியில் வராத சுதந்திரம்

வணக்கம் நேயர்களே. 1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி காலையில் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் குளச்சலிலும் யாருடைய ஆட்சி நடந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வெள்ளைக்காரன் போய்விட்டான், சரி. ஆனால் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் எங்கேயும் போகவில்லை, அன்றைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு அவர்தான் ராஜா. நேராக வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த மதுரைக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நமக்கு மேலே இரண்டு அடுக்கு இருந்தது: ராஜா, அந்த ராஜாவுக்கும் மேலே வெள்ளைக்காரன். இந்த இரண்டு அடுக்கை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி. 1799-ல் அவர் இரணியல் காரியக்காரர், அதாவது அந்தப் பகுதியின் அதிகாரி. ஜயந்தன் நம்பூதிரி என்பவர் கையில் நிர்வாகம், கஜானா காலி, ஆளாளுக்கு இவ்வளவு பணம் கொண்டு வா என்று மேலிருந்து உத்தரவு. வேலுத்தம்பி பணத்தைக் கொண்டு போகவில்லை, ஊர்ஜனத்தைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனார். ராஜா பயந்துபோய் மந்திரிகளை நீக்கினார். இதற்குப் பத்து வருஷம் முன்னால்தான், 1789 அக்டோபரில், பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடந்து வெர்சாய் அரண்மனைக்குப் போய், மறுநாள் ராஜா குடும்பத்தையே பாரிசுக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு கூட்டமும் ராஜாவே வேண்டாம் என்று கிளம்பியதில்லை, அதைக் கவனிக்க வேண்டும். அங்கே மூன்றே வருஷத்தில் கதை முற்றி 1793 ஜனவரியில் லூயி மன்னனின் தலை போனது. இங்கே ராஜா அப்படியே இருந்தார், கொஞ்ச காலத்தில் வேலுத்தம்பி தளவாய், அதாவது முதன்மை மந்திரி ஆனார். (கடுமையான தளவாய், சின்னக் குற்றத்துக்கும் கொடூரமான தண்டனை கொடுத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.)

1805-ல் வெள்ளைக்காரனின் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம். படையை வைத்துக் காப்பாற்றுகிறோம், வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கட்டு என்றார்கள். அடிமைப்பட்டதற்கு நாமே கூலி கொடுப்பது! ஹைட்டியில் அடிமைகளே எழுந்து நெப்போலியனின் படையை விரட்டி 1804-ல் சுதந்திர நாடு அமைத்தார்கள், அவர்களிடமும் 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. எதற்கு நஷ்டம்? இவர்களை அடிமையாக வைத்திருக்க முடியாமல் போனதற்கு.

வேலுத்தம்பி 1809 ஜனவரியில் கொல்லம் பக்கத்துக் குண்டறையில் கம்பெனிக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் செய்தார். கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாக, இப்போது காற்றாலைகள் சுற்றுகிற அதே கணவாய் வழியாக உள்ளே வந்தது, அப்புறம் உதயகிரி, பத்மநாபபுரம் எல்லாம் போயிற்று. ராஜா கைகழுவிவிட்டார். ராஜாவின் ஆட்களே வேலுத்தம்பியைத் தேடி மண்ணடிக்குப் போனபோது அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். அந்த உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். மேல் அடுக்கோடு மோதப் போனவரைக் கீழ் அடுக்கு காட்டிக்கொடுத்தது, நான் சொல்லுகிற கணக்கு இதுதான்.

அதே 1809-ல் சாமித்தோப்பில் ஒரு பனையேறிக் குடும்பத்தில் பையன் பிறக்கிறான். முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்களாம், நீங்கள் எப்படி முடி சூடலாம் என்று மேல்சாதிக்காரர்கள் தகராறு செய்ததால் முத்துக்குட்டி ஆனதாம். அவர்தான் பிறகு அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர். அந்தக் காலத்து வரிகளைக் கேளுங்கள்: பனையேறுகிறவன் சாய்த்து வைக்கிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைநாருக்குத் தளைக்காணம். இது போக சம்பளமில்லாத ஊழியம். தலைப்பாகை கட்டக்கூடாது, முட்டுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. வைகுண்டர் திருவிதாங்கூர் ராஜாவை நீசன் என்றார், வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்றார். இரண்டு அடுக்கையும் ஒரே மூச்சில் பெயர் சொல்லித் திட்டிய ஒரு ஆள்! சுவாதித் திருநாள் ராஜா காலத்தில் பிடித்துக் கொண்டுபோய்த் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். திரும்பி வந்தும் அவர் அடங்கவில்லை. கும்பிட வருகிற ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார், உள்ளே கண்ணாடியை வைத்து அதில் தெரிகிற உன்னையே பார் என்றார். இன்றைக்கும் அய்யாவழி வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் அப்படித்தானே தலைப்பாகை கட்டுகிறோம், கட்டும்போது யாராவது இதை யோசிக்கிறோமா? அவர் சாமித்தோப்பில் ஏற்படுத்திய முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் கோரியதை நான் பாரிசின் சிறைக்கோட்டையான பாஸ்டில் விழுந்ததற்குக் குறைவாக நினைப்பதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பாஸ்டிலுக்குள் அன்று இருந்த கைதிகள் 7 பேர்தான்.

பெண்கள் மார்பை மறைக்கிற உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், நேரம் பார்த்தால் பயமாக இருக்கிறது. 1822 வாக்கில் கல்குளம், இரணியல் பக்கம் ஆரம்பித்து, அடி, தீவைப்பு எல்லாம் பட்டு, 1859 ஜூலை 26-ல் மறைக்கலாம் என்று ராஜா உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, 1947. வெள்ளைக்காரன் கிளம்பினால் திருவிதாங்கூர் தனி நாடு என்று ஜூன் 11-ஆம் தேதி திவான் (ராஜாவின் முதன்மை மந்திரி) சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். மேல் அடுக்கு போகும், கீழ் அடுக்கு நிலைக்கும் என்ற கணக்கு. ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் கச்சேரி கேட்கப் போனவரை கே.சி.எஸ். மணி வெட்டினார். சி.பி. பிழைத்தார், தனி நாடு பிழைக்கவில்லை, சில நாளிலேயே மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஆனாலும் பட்டம் போகவில்லை. 1949-ல் கொச்சியையும் சேர்த்தபோது அவரே ராஜப்பிரமுகர், அதாவது கவர்னர் மாதிரி மாநிலத் தலைவர்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள், இரண்டே வாக்கியம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்தது, அதை இன்னொரு நாள் முழுசாகப் பேச வேண்டும். ராஜப்பிரமுகர் பதவி ஒழிந்ததும் நாம் தமிழ்நாட்டுக்கு வந்ததும் ஒரே நாள், 1956 நவம்பர் 1. வணக்கம்.