படைத்தவரே பதிப்பாசிரியர் ஆனபோது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மேசைமீது இருக்கும் இந்தப் பெட்டியைப் பாருங்கள். பழைய எல்பி இசைத்தட்டின் அகலம் இதற்கு. அட்டையில் இருப்பது இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ஆல்டன் பார்ன்ஸ் என்ற ஊரின் வயல். 1990 கோடையில் அங்கே பயிர் சாய்ந்து பெரிய வட்டங்கள் தோன்றின. அவற்றின் மேல் ஓர் ஆகாயக் கப்பலின் நிழல் விழுகிறது. பெட்டியைத் திறந்தால் நான்கு சிடிக்களும் ஒரு கட்டுரைத் தொகுப்பும் இருக்கும். மொத்தம் 54 பாடல்கள். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு தன் பன்னிரண்டு ஆண்டு உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த தொகுப்பு இது. 1990 அக்டோபரில் வெளிவந்தது.

குழுவைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம்மி பேஜ் கிதார், ராபர்ட் பிளான்ட் குரல், ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் கிதாரும் கீபோர்டும், ஜான் பான்ஹம் டிரம்ஸ். 1968இல் சேர்ந்தார்கள். 1980 செப்டம்பர் 25 அன்று பான்ஹம் இறந்தார். அவர் இல்லாமல் தொடர மாட்டோம் என்று அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்துவிட்டு மற்ற மூவரும் விலகினார்கள். இடையில் எட்டு ஸ்டூடியோ ஆல்பங்கள். மீதமிருந்த பதிவுகளைச் சேர்த்து 1982இல் 'கோடா' வந்தது.

பழைய பாடல்களை மறுபடி விற்பதற்கான தந்திரம் என்று இத்தகைய பெட்டிகளை ஒதுக்குபவர்கள் உண்டு. 1985இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கும் 1988இல் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கும் இதுபோன்ற பெட்டிகள் வந்து நன்றாக விற்றன. அதைப் பார்த்து எல்லா நிறுவனங்களும் இந்த வழியில் இறங்கின என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பெட்டிக்குப் பின்னால் வணிகத்தோடு ஒரு மனக்குறையும் இருந்தது. எண்பதுகளின் நடுவில் லெட் செப்பலின் ஆல்பங்கள் முதன்முறையாக சிடியாக வந்தபோது, அவற்றைத் தயாரித்தவரான பேஜைக் கலக்காமலேயே அந்த வேலை முடிந்துவிட்டது. அவற்றின் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே 1990இல் நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் கூடத்தில், ஜார்ஜ் மரினோ என்ற ஒலிப் பொறியாளருடன் உட்கார்ந்து, மூல நாடாக்களிலிருந்து பாடல்களைத் தாமே மறுபடி சீர்செய்தார்.

இது ஏன் முக்கியம்? அந்தக் குழுவின் ஒலியே ஒரு படைப்பு. 1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீடு. அதன் கூடத்தின் தரையில் பான்ஹமின் டிரம்ஸை வைத்தார்கள். மைக்குகளை டிரம்ஸின் அருகில் வைக்காமல் படிக்கட்டின் மேலே தொங்கவிட்டார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். அடி கீழே விழுகிறது. அது கூடத்தில் சுழன்று, படிகளில் ஏறி, மேலே போய்ச் சேர்ந்த பிறகே நாடாவில் பதிகிறது. அந்த வீட்டின் காற்றும் சேர்ந்து வாசித்த டிரம்ஸ் அது. பின்னாளில் எத்தனையோ பேர் அந்த அடியை மட்டும் வெட்டி எடுத்துத் தங்கள் பாடல்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பதிவில் அடிநாதம் மெலிந்தாலோ மேல்சுருதி கூசினாலோ, கூடமும் படிக்கட்டும் காணாமல் போய்விடும். பேஜ் வருந்தியது நியாயமே. பாடல் எங்கே பதிவானது என்பதையும் நம் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது தொகுப்பவரின் கடமை.

இனி நான் முக்கியமாகப் பேச வந்த விஷயம். ஐங்குறுநூற்றைப் பாடியவர்கள் ஐந்து புலவர்கள். தொகுத்தவர் வேறொருவர், கூடலூர் கிழார். பாடியவனுக்கும் தொகுப்பவனுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. இந்தப் பெட்டியில் அந்த இடைவெளி இல்லை. இயற்றியவர், வாசித்தவர், பதிவைத் தயாரித்தவர், தேர்ந்தெடுத்தவர், வரிசைப்படுத்தியவர் எல்லாம் ஒரே மனிதர். ஆகவே இந்த நான்கு தட்டுகளும் ஜிம்மி பேஜ் தம் குழுவைப் பற்றி எழுதிய வரலாறு என்றே நான் கொள்கிறேன். அதன் பலமும் பலவீனமும் அங்கிருந்தே வருகின்றன.

வரிசையைக் கவனியுங்கள். குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாடல் 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதிலிருந்துதான் பெட்டி தொடங்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அந்தப் பாடல் இதில் இல்லவே இல்லை. 1993இல் வந்த இரண்டாவது பெட்டிக்குப் போய்விட்டது. இங்கே முதலில் கேட்பது இரண்டாவது ஆல்பத்தின் 'ஹோல் லாட்டா லவ்'. அடுத்து 'ஹார்ட்பிரேக்கர்'. எல்பியில் அது முடிந்த நொடியே 'லிவிங் லவிங் மெய்ட்' தொடங்கும். அமெரிக்க வானொலிகள் இரண்டையும் ஒரே பாடல் போலச் சேர்த்தே ஒலிபரப்பின. அந்த இரண்டாம் பாடல் பேஜுக்குப் பிடிக்காது. பெட்டியில் அது இல்லை.

இன்னொன்று என்னை உண்மையிலேயே வருத்துகிறது. 1973 ஆல்பத்தில் 'தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்' என்ற வேகமான பாடல் முடிந்ததும் 'தி ரெய்ன் சாங்' மெதுவாக விரியும். அந்த மாற்றத்துக்காகவே பலர் அந்த ஆல்பத்தைப் போடுவார்கள். பெட்டியில் ஒன்று மூன்றாம் தட்டில், மற்றது இரண்டாம் தட்டில். இங்கிலாந்தில் சிங்கிள், அதாவது தனிப்பாடல் தட்டு, வெளியிட மாட்டோம், ஆல்பத்தை முழுமையாகக் கேளுங்கள் என்று பிடிவாதமாக நின்ற குழு இது. அந்தப் பிடிவாதத்தைக் கட்டிக்காத்தவரே ஆல்பங்களைக் கலைத்து அடுக்கியிருக்கிறார். 'பிரெண்ட்ஸ்', 'செலிப்ரேஷன் டே' இரண்டை மட்டும் பிரிக்கவில்லை. இரண்டாவது பாடலின் தொடக்கம் நாடாவில் தவறுதலாக அழிந்துபோனதால், முதல் பாடலின் முடிவில் வரும் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் ஒலியை நீட்டித்தான் அந்த இடத்தை அன்று அடைத்திருந்தார்கள்.

ஆனால் கலைத்து அடுக்கியதால் ஒரு பெரிய லாபமும் உண்டு. முதல் தட்டு 'வைட் சம்மர்', 'பிளாக் மவுண்டன் சைட்' இரண்டும் இணைந்த 1969ஆம் ஆண்டு பிபிசி பதிவோடு முடிகிறது. அதுவரை ஆல்பங்களில் இடம்பெறாத பதிவு அது. பேஜ் ஒற்றைக் கிதாருடன் வாசிக்கிறார். ஆறு தந்திகளில் மூன்றை ஒரு முழுச் சுரம் இறக்கிய சுருதி. பிறகு மூன்றாம் தட்டைப் போட்டால் முதலில் ஒலிப்பது 'காஷ்மீர்'. அதே சுருதி! 1975இல் பித்தளை வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் புடைசூழ வந்த அந்தப் பிரம்மாண்டத்தின் விதை, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனிக் கிதாரில் இருந்தது என்பதை ஒரே பெட்டிக்குள் காதால் தொட்டுவிடலாம்.

'காஷ்மீர்' என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஓர் ஆர்வம் எழும். அந்தப் பாடலின் வரிகள் மொராக்கோவின் தெற்கே, பாலைவனச் சாலையில் பிளான்ட் பயணம் செய்தபோது பிறந்தவை. அதுவரை அவர் காஷ்மீரைப் பார்த்ததில்லை. குழுவின் உண்மையான இந்தியத் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. முதல் ஆல்பத்தின் 'பிளாக் மவுண்டன் சைட்' பாடலில் தபலா வாசித்தவர் விராம் ஜசானி. 1972இல் பேஜும் பிளான்டும் பம்பாய்க்கு வந்து இந்திய இசைக் கலைஞர்களுடன் இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். 1990 பெட்டியில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. 2015இல் 'கோடா' மறுபதிப்பில்தான் அவை அதிகாரபூர்வமாக வெளிவந்தன. என் கணக்கில் இந்தப் பெட்டியின் பெரிய விடுபடல் அதுதான்.

அடுத்தது கடன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் குழு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசைக் கலைஞர்களிடமிருந்தும் நாட்டுப்புறக் கலைஞர்களிடமிருந்தும் ஏராளமாக எடுத்தது. பல முறை பெயர் சொல்லாமல் எடுத்தது. பெட்டியின் முதல் பாடலான 'ஹோல் லாட்டா லவ்' வரிகளில் வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய பாடல் இருக்கிறது. டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. 'பேப் ஐம் கோனா லீவ் யூ' பாடல் 1969 ஆல்பத்தில் மரபுப் பாடல் என்று குறிக்கப்பட்டிருந்தது. அதை எழுதியவர் ஆன் பிரெடன் என்ற பெண்மணி, உயிரோடு இருந்தவர். 1990 முதல் அந்தப் பாடலுக்கு அவர் பெயரும் சேர்ந்தது. மறுபதிப்பு செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுவே என்று நினைக்கிறேன். ஒலியைத் திருத்துவதைவிடப் பெயரைத் திருத்துவது பெரிது. ஆனால் அதே முதல் தட்டின் முடிவில் வரும் 'பிளாக் மவுண்டன் சைட்' இன்னும் பேஜின் பெயரில் மட்டுமே இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கிதார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் 1966இல் ஒரு நாட்டுப்புறப் பாடலுக்கு வாசித்த முறையைக் கேட்டவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது தெரியும். படைத்தவரே பதிப்பாசிரியராகவும் இருக்கும்போது அவர் கைக்கு எட்டாத திருத்தம் இதுதான்.

நான்காம் தட்டில் ஒரு வினோதம் இருக்கிறது. 1969இன் 'மோபி டிக்', 1976இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் பதிவான 'பான்ஸோஸ் மான்ட்ரோ' ஆகிய இரண்டும் டிரம்ஸ் வாசிப்புகள். பேஜ் இரண்டையும் சிங்க்ளேவியர் என்ற டிஜிட்டல் கருவியில் பின்னி ஒன்றாக்கியிருக்கிறார். அப்படி ஒரு வாசிப்பை பான்ஹம் எந்த அறையிலும் வாசித்ததில்லை. வரலாற்றுத் தொகுப்பில் இதற்கு இடமில்லை என்பதே என் முடிவு. இரண்டையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். இருந்தும் அதைக் கேட்கும்போது, இறந்துபோய்ப் பத்தாண்டுகள் ஆன நண்பரை இன்னும் ஒருமுறை புதிதாக வாசிக்கவைக்க ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார் என்பது புரிகிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன்.

முடிக்கும் முன் ஒரு பாடல். முதல் தட்டில் இருக்கும் 'டிராவலிங் ரிவர்சைடு புளூஸ்' 1969 ஜூனில் பிபிசிக்காக வாசிக்கப்பட்டது. இந்தப் பெட்டி வரும் வரை எந்த ஆல்பத்திலும் வரவில்லை. மூலப் பாடல் அமெரிக்கக் கறுப்பின புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனுடையது. 1937 ஜூனில் டாலஸ் நகரில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே 27 வயதில் இறந்துபோனார். அந்தப் பதிவு 1961 வரை வெளிவரவில்லை. லெட் செப்பலின் பெட்டி வந்த அதே 1990இல்தான் ஜான்சன் பாடிய 29 பாடல்களும், கிடைத்த மாற்றுப் பதிவுகளோடு 41 பதிவுகளாக ஒரு பெட்டியில் வெளிவந்தன. ஒரு மனிதரின் வாழ்நாள் இசை முழுவதும் இரண்டே சிடிக்களில் அடங்கிவிட்டது. செப்பலின் பெட்டியை வாங்குபவர் அதையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது இரண்டையும் ஒலிக்கவிடப் போகிறோம். முதலில் ஜான்சன், ஒரு குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். அடுத்து செப்பலின். பேஜின் ஸ்லைடு கிதாரையும், அதன் அடியில் பான்ஹமின் வலது கால் விழும் இடத்தையும் கவனித்துக் கேளுங்கள். கேள்விகளை அதன் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.