ஓட்டை இல்லாத மாம்பழம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தலில் இடம் கிடைக்காமல் டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கும் காவேரிப்பட்டணத்துப் பெரியவர்களே, வணக்கம்.

இயற்கையின் அழகை அறிவியல் வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. வளர்க்கிறது என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பேசிவிடலாம். அதற்கு முன்னால் எதிரணி அக்காவோடு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

அக்கா என்ன சொன்னார்? "இவர் சயின்ஸ் வாத்தியார். பூவைக் கொடுத்தால் மோந்து பார்க்க மாட்டார், பிய்த்துப் பார்ப்பார். அல்லி எத்தனை, புல்லி எத்தனை என்று எண்ணுவார். பாவம், இவர் வீட்டம்மா தலையில் பூ வைக்கவே பயப்படுவார்" என்றார். நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா உங்களைவிடப் பலமாகத் தட்டினார். அவர்தான் என் வீட்டம்மா.

சரி, பூவிலிருந்தே வருகிறேன். தை மாதம் இங்கிருந்து போச்சம்பள்ளி வரைக்கும் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக மாம்பூ வாசம் ஏறும். மோந்து பார்க்காதவர் இங்கே யாரும் இல்லை. எண்ணிப் பார்த்தவன் நான். ஒரு கொத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. கடைசியில் காயாக நின்றது ஒன்றே ஒன்று. அதற்கும் மகரந்தம் சுமந்தவர்களில் முக்கியமானவர் யார்? ஈ. ஜூஸ் கடையில் துண்டை வீசி விரட்டுகிறோமே, அந்த வம்சம்தான். எண்ணியதால் எனக்கு வாசம் குறைந்துவிடவில்லை அக்கா. பழத்தை வீணாக்கத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

பூ வைக்கப் பயப்படுவார் என்றீர்களே, அந்த அம்மா எப்படி வந்தார் என்று கேளுங்கள்.

35 வருடம் இருக்கும். ஆனி மாதம். பாலக்கோடு பக்கம் பெண் பார்க்கப் போனோம். எங்கள் தோட்டத்து நீலம் மாம்பழம் ஒரு கூடை. அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து அடுக்கியது. அங்கே உள்ளே கொண்டுபோய் அரிவாள்மனையில் கொட்டையோடு பிளந்து, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளைக்கு முதல் துண்டு.

துண்டிலிருந்து ஒரு வண்டு வந்தது.

ஓடி வரவில்லை. நடந்து வந்தது. சம்பந்தம் பேச வந்த பெரிய மனுஷன் மாதிரி தட்டின் ஓரம் வரைக்கும் வந்து, நின்று, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. யாரும் பேசவில்லை. பெண்ணின் தாத்தா மட்டும், "பழம் உங்கள் தோட்டத்தில்தான் பறித்ததா?" என்றார். என் அம்மா அடுக்களைக்கே போய்த் தோலை எல்லாம் எடுத்துவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒரு ஓட்டை இல்லை. ஊசி குத்தின தடம்கூட இல்லை. "சகுனம் சரியில்லை" என்று பின்னால் ஒரு பாட்டி ஆரம்பித்துவிட்டார்.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? ஆரம்பித்தேன். இது மாங்கொட்டை வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலைக் கீறி ஒரு முட்டை வைக்கும். காயிலிருந்து வடியும் பால் அதை மூடிவிடும். ஒரு வாரத்தில் மயிரிழை மாதிரி புழு பொரிந்து, சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடும். காய் வளர வளர வந்த வழி தூர்ந்துபோகும். உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி... வேட்டி கட்டிய ஒருவர் கொட்டாவி விட்டார். அவர்தான் இப்போது என் மாமனார்.

அந்த நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "வெளியே வந்த பிறகு எங்கே போகும்?"

"மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும். அடுத்த பூ வரும்வரை."

"அவ்வளவு நாளா!"

முடிந்தது. அந்த 'அவ்வளவு நாளா'வில் எனக்குக் கல்யாணம் ஆனது. நடுவர் அவர்களே, பிய்த்துப் பார்ப்பவனுக்குத்தான் பெண் கிடைத்தது!

பிய்த்துப் பார்க்கிறவர்களுக்கு மனசு கிடையாது என்றும் அக்கா சொன்னார். சார்லஸ் டார்வின் தொட்டியில் மண்புழு வளர்த்தார். அதற்குக் காது கேட்குமா என்று பார்க்க வீட்டில் பஸ்ஸூன் ஊதச் சொன்னார். அது நம்ம ஊர் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். புழு அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே தூக்கி வைத்து வாசித்ததும் அதிர்வு பட்டு வளைக்குள் ஓடியது. 1881இல் மண்புழுவைப் பற்றி ஒரு நூலே எழுதினார், அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். புழுவுக்குக் கச்சேரி வைத்தவருக்கா மனசில்லை?

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரு நிமிடம்.

என் அம்மாவுக்குக் கடைசி நாலு வருடம் ஞாபகம் இல்லை. என் பெயர் போய்விட்டது. ஆனாலும் ஆனி மாதம் பழம் அறுத்தால் பக்கத்தில் வந்து உட்காரும். வண்டு வந்தால் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓட்டையே இல்லையே தம்பி, எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்கும். சொல்லுவேன். "அப்படியா!" என்று கண்ணை விரிக்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்கும். மறுபடி சொல்லுவேன். மறுபடி அதே "அப்படியா!" எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணவில்லை அக்கா. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அதை எண்ணவில்லை.

போன ஆனியில் அம்மா இல்லை. பழம் அறுத்தோம். வண்டு வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. என் வீட்டம்மா அந்தத் தோலை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வணக்கம்.